கைக்கு வந்த மாத்திரை

1956ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய்க்கென ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. மதராஸ் மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதை நடத்தின. ஐந்தே ஆண்டுகளுக்கான திட்டம் அது. அதன் முன் வைக்கப்பட்ட கேள்வியும் நேரடியானது: மருத்துவமனையில் படுக்கை கிடைக்காத காசநோயாளியை அவர் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா?

அன்றைக்கு அந்தக் கேள்விக்கு மருத்துவ உலகின் பொதுவான பதில் ‘முடியாது’ என்பதுதான். ஐரோப்பாவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காசநோய் வைத்தியம் என்றால் சானடோரியம்தான். ஊருக்கு வெளியே, நல்ல காற்றோட்டத்தில், மாதக்கணக்கில் படுக்கையிலேயே ஓய்வு. பால், முட்டை, இறைச்சி என்று சத்தான உணவு. தமிழ்நாட்டிலும் அந்த வழிதான் இருந்தது. டாக்டர் சௌரி முத்து 1928ல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் பெயரை அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால் நாடு முழுவதும் இருந்த படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான், நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கை கிடைத்தாலும், ஓராண்டு வேலைக்குப் போகாமல் படுத்திருக்க ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளியால் எப்படி முடியும்? அவர் ஓய்வெடுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

மையத்தின் முதல் இயக்குநராக வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். அவர் வளர்ந்த ஆய்வு மரபு முக்கியமானது. 1947ல் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்தபோது, எந்த நோயாளிக்கு மருந்து, யாருக்கு வெறும் ஓய்வு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில், மூடிய உறைகளைக் கொண்டு தீர்மானித்த புகழ்பெற்ற ஆய்வை நடத்தியது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்தான். மருத்துவரின் அனுபவமும் மதிப்பும் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், ஒரு சிகிச்சை இன்னொன்றைவிட மேலானதா என்பதைப் பாரபட்சமற்ற ஒப்பீடுதான் சொல்ல வேண்டும் என்ற பிடிவாதம் அங்கே உருவானது. ஃபாக்ஸ் அந்தப் பிடிவாதத்தோடுதான் சென்னைக்கு வந்தார்.

மருந்துகள் அதற்குள் வந்துவிட்டிருந்தன. ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்தால் சில மாதங்களில் அதற்கு மசியாத கிருமிகள் பெருகிவிடும் என்பது தெரிந்திருந்தது. அதனால் இரண்டு மருந்துகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். 1952ல் வந்த ஐசோனியசிட் மலிவானது, வீரியமானது, விழுங்கவும் எளிது. அதோடு சேர்த்துக் கொடுக்கக் கிடைத்த துணை மருந்து பாரா அமினோ சாலிசிலிக் அமிலம். மருத்துவர்கள் சுருக்கமாக ‘பாஸ்’ என்பார்கள். தினமும் பத்து கிராம் அளவில் அதை உட்கொள்ள வேண்டும். குமட்டும், வயிறு கலங்கும். ஒரு வாரம் அதைச் சாப்பிடுவதே பெரும்பாடு. நோயாளி சாப்பிட வேண்டியதோ ஓராண்டு.

ஃபாக்ஸின் அறிவுத் தெளிவு இங்கேதான் வெளிப்படுகிறது. வீட்டுச் சிகிச்சை தோற்றுப்போனால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மருந்து வீட்டுச் சூழலில் வேலை செய்யாமல் போயிருக்கலாம். அல்லது மருந்து நோயாளியின் வாய்க்குள் போகாமலே இருந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறியாமல் எந்த முடிவையும் நம்ப முடியாது. நோயாளி தானாக மருந்து உட்கொள்வதில் உள்ள சிக்கலை மட்டுமே பொருளாக எடுத்துக்கொண்டு 1958ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கிருமியையும் மருந்தையும் பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், விழுங்குதல் என்ற செயலை ஓர் அறிவியல் கேள்வியாக நிமிர்த்தி வைத்த கட்டுரை அது.

ஆய்வு தொடங்கியது. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு ஓராண்டு சானடோரியத்தில். இன்னொரு குழு ஓராண்டு தங்கள் வீட்டில். இரு தரப்புக்கும் அதே ஐசோனியசிட், அதே பாஸ். வீட்டுக் குழுவினர் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றார்கள். ஹெல்த் விசிட்டர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் மாதிரி வாங்கிவந்தார்கள். பாஸ் உடலுக்குள் போயிருந்தால், குறிப்பிட்ட ரசாயனத்தைச் சேர்த்ததும் சிறுநீர் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரு குழுக்களின் வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லை. சானடோரியத்தில் இருந்தவருக்குக் கட்டில், செவிலியர், வேளாவேளைக்கு நிறைவான சாப்பாடு. வீட்டில் இருந்தவருக்கு ஒற்றை அறையில் ஆறேழு பேர், அரைவயிற்றுச் சாப்பாடு. உடம்பு கொஞ்சம் தேறியதும் பலர் வேலைக்கும் போய்விட்டார்கள். அன்றைய பாடநூல்களின்படி வீட்டுக் குழு படுமோசமாகத் தோற்றிருக்க வேண்டும்.

ஓராண்டு முடிவில் சானடோரியக் குழுவில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டுக் குழுவில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வெளியானது. தொடர்ந்து ஐந்தாண்டுகள் கண்காணித்தபோதும் வீட்டில் குணமானவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலான சானடோரிய நம்பிக்கையைச் சென்னையின் நெரிசலான வீடுகளில் கிடைத்த இந்த எண்கள் சாய்த்துவிட்டன. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குப் பின்னணியில் இருந்த வலுவான சான்றுகளில் இது தலையாயது.

ஆனாலும் ஒரு பெரிய பயம் மிச்சமிருந்தது. நோயாளியை வீட்டிலேயே வைத்தால் குழந்தைகளுக்குத் தொற்றிவிடாதா? நியாயமான பயம்தான். சென்னைக் குழு அதையும் விடவில்லை. இரு தரப்பு நோயாளிகளின் குடும்பத்தாரையும் எக்ஸ்ரே, தோல் பரிசோதனை, சளிப் பரிசோதனை மூலம் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியை ஓராண்டு பிரித்து வைத்திருந்த குடும்பங்களைவிட, அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. காரணம் யோசித்தால் புரியும். நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே, பல மாதங்கள் இருமிக்கொண்டே அந்த வீட்டில்தான் அவர் இருந்திருக்கிறார். தொற்ற வேண்டியது பெரும்பாலும் அப்போதே தொற்றிவிட்டது. சரியான மருந்து தொடங்கியதும் சளியில் கிருமிகள் வேகமாகக் குறைந்துவிடுகின்றன. டி.பி. வந்தவரின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைத்து, அவரைத் திண்ணைக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. 1966லேயே ஐந்தாண்டுத் தரவுகளோடு அச்சில் வந்துவிட்ட இந்த முடிவை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

உணவைப் பற்றிய முடிவுக்கு வேறு கதி நேர்ந்தது. சானடோரியத்தில் நன்றாகச் சாப்பிட்டவர்களின் எடை கூடியது. வீட்டில் குறைவாகச் சாப்பிட்டவர்களின் எடை அவ்வளவு கூடவில்லை. ஆனாலும் கிருமி ஒழிந்தது. மையத்தின் சி.வி. ராமகிருஷ்ணனும் சக ஆய்வாளர்களும் 1961ல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னது, நல்ல உணவு இல்லாத இடத்திலும் மருந்து வேலை செய்யும், ஆகவே உணவில்லை என்பதைக் காரணம் காட்டி ஏழைக்கு மருந்தை மறுக்காதீர்கள் என்பதே. காலப்போக்கில் அது ‘காசநோய்க்கு உணவு முக்கியமில்லை’ என்று திரிந்துபோனது. பல பத்தாண்டுகள் காசநோய்த் திட்டங்கள் நோயாளியின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே நடந்தன. ஓர் ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறதோ அதோடு நிற்காமல், கேட்கப்படாத கேள்விக்கும் அதையே விடையாக்கிய பெரும் பிழை இது.

அந்தப் பிழையைத் திருத்த அறுபது ஆண்டுகள் ஆயின. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் டாக்டர் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வில் அதே சேத்துப்பட்டு மையமும் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதாந்திர உணவுப் பொருளும் தரப்பட்டது. அவர்களுடைய குடும்பத்தைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒரு பிரிவுக்கும் உணவுப் பொருள் கிடைத்தது. அப்படிக் கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. 2023ல் வெளியான இந்த முடிவின்படி, சாப்பாட்டுப் பொருள் ஒரு தடுப்பு மருந்தைப் போல வேலை செய்திருக்கிறது. மருந்து கிருமியைக் கொல்கிறது. உணவோ, கிருமி தொற்றியும் நோயாகாமல் உடலைக் காக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேலைகள். தமிழ்நாடு 2022ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இந்தப் புரிதலில் நிற்பதுதான். நோய் உறுதியானதும் எடை, மூச்சு, எழுந்து நிற்கும் திறன் ஆகியவற்றைப் பார்த்து, மிகவும் மெலிந்து தளர்ந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எல்லோருக்கும் படுக்கை தேவையில்லை என்று நிரூபித்த ஊரே, யாருக்குப் படுக்கை தேவை என்பதையும் அடையாளம் காணக் கற்றிருக்கிறது.

விழுங்குதலின் கதைக்கு வருவோம். வீட்டுச் சிகிச்சை வென்றதும் ஃபாக்ஸ் குழு அடுத்த கேள்வியை எடுத்தது. நோயாளிகள் சிலர் மாதங்கள் செல்லச்செல்ல மருந்தைத் தவிர்ப்பது சிறுநீர்ச் சோதனையில் தெரிந்தது. இருமல் நின்று உடம்பு தேறியதும் வாய்க்குப் பிடிக்காத மருந்தை நிறுத்தத் தோன்றுவது மனித இயல்பு. அவர்களைத் திட்டிப் பயனில்லை. தினமும் செவிலியர் கண்முன்னே விழுங்கச் சொல்லலாம். ஆனால் தினமும் வந்துபோக ஏழைக்கு நேரமும் இல்லை, பஸ் காசும் இல்லை. வாரம் இரண்டே முறை கொடுத்தால் போதுமா என்று அவர்கள் கேட்டார்கள். கேட்பதற்கு அபத்தமாகத் தோன்றியிருக்கும். ஆனால் 1964ல் வெளியான முடிவில், வாரம் இருமுறை நேரடிக் கண்காணிப்பில் கொடுக்கப்பட்ட ஐசோனியசிட்டும் ஸ்ட்ரெப்டோமைசினும், வீட்டில் தினமும் சாப்பிடச் சொல்லிக் கொடுத்த மருந்துக்குச் சற்றும் குறையாமல் வேலை செய்திருந்தன.

எப்படி? காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகும் உயிர். ஒரு முறை பலமான மருந்தில் அடிபட்டால், மருந்து உடலைவிட்டு நீங்கிய பின்னும் சில நாட்கள் அது வளராமல் முடங்கிக் கிடக்கிறது. லண்டனில் இருந்து இந்த ஆய்வுகளோடு இணைந்து உழைத்த டெனிஸ் மிட்சிசன் உள்ளிட்ட நுண்ணுயிரியலாளர்கள் சோதனைக்கூடத்தில் இதை நிறுவினார்கள். அந்த முடக்க நாட்கள்தான் இடைவெளி விட்டு மருந்து கொடுப்பதற்கான அவகாசம்.

வாரம் ஒரு முறையாக இன்னும் நீட்டிப் பார்த்தபோது எல்லை தெரிந்தது. ஐசோனியசிட்டை உடல் செயலிழக்கச் செய்யும் வேகம் பரம்பரையாக ஆளுக்கு ஆள் மாறும். வேகமாகச் செய்பவர்களுக்கு வாரம் ஒரு முறை போதவில்லை. மெதுவாகச் செய்பவர்களுக்கு மருந்து உடலில் நீண்ட நேரம் தங்குவதால் கைகால் எரிச்சல், மதமதப்பு என்று நரம்புக் கோளாறு வருவதையும், அதை வைட்டமின் பி6 தடுப்பதையும் சென்னைக் குழுவே விரிவாக ஆராய்ந்தது. ஒரே மாத்திரை எல்லோர் உடலிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது மரபணு ஆய்வுகள் பிரபலமாகும் முன்பே இங்கே நோயாளிகளிடம் நேரடியாகக் காணப்பட்ட உண்மை.

கண்முன்னே மருந்து விழுங்கச் செய்யும் இந்த முறைதான் பிறகு தான்சானியாவில் காரெல் ஸ்டிப்ளோவின் திட்டங்களில் வளர்ந்து, 1990களில் உலக சுகாதார நிறுவனத்தின் ‘டாட்ஸ்’ கொள்கையானது. இந்தியா 1997ல் அதை ஏற்றது. வாரம் மும்முறை என்பதை விட்டு 2017ல் தினசரி மருந்துக்கு மாறியது. தினமும் யார் பக்கத்தில் நின்று பார்ப்பது? அதற்கு ‘99டாட்ஸ்’ என்ற ஏற்பாடு வந்தது. மாத்திரையைப் பிதுக்கி எடுத்ததும் அட்டைக்குப் பின்னால் ஒரு தொலைபேசி எண் தெரியும்; அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மருந்து உட்கொண்டதாகக் கணினியில் பதிவாகும். நல்ல யோசனை. சேத்துப்பட்டு மையத்தின் பீனா தாமஸும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதிக்கச் சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் வீடுகளுக்கு முன்னறிவிப்பில்லாமல் போனார்கள். சிறுநீரில் ஐசோனியசிட் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அழைப்புப் பதிவும் சிறுநீரும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. மருந்து சாப்பிட்டும் அழைக்காதவர்கள் இருந்தார்கள். அழைத்தும் சாப்பிடாதவர்கள் இருந்தார்கள். 2020ல் வெளியான இந்த ஆய்வு, பதிவேட்டில் இருக்கும் எண்ணை நம்பி ஒரு திட்டத்தின் வெற்றியைக் கணக்கிடக் கூடாது என்று ஆட்சியாளர்களுக்குச் சொன்னது.

கொடுத்த மருந்து விழுங்கப்படுகிறதா என்ற இந்தச் சிக்கல் காற்றில் பரவும் காசநோய்க்கு மட்டும் உரியதல்ல. கொசுவால் பரவும் யானைக்கால் நோயில் அது இன்னும் கூர்மையாக இருக்கிறது. காசநோயாளிக்காவது இருமலும் காய்ச்சலும் மருந்தின் அவசியத்தை உணர்த்துகின்றன. யானைக்கால் புழு உடலில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. புழு நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்கிறது. அதன் நுண்குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் மிதந்து வரும். க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். கால் வீங்கும்வரை காத்திருந்து வைத்தியம் செய்தால் காலம் கடந்துவிடும். பரவலை நிறுத்த வேண்டுமென்றால் வீங்காத காலுடையவர்களும் மருந்து சாப்பிட வேண்டும். ஊரே சாப்பிட வேண்டும். ஆண்டுக்கொரு முறை, பல ஆண்டுகள்.

மருந்து 1947லேயே கண்டறியப்பட்டுவிட்டது. டை எத்தில் கார்பமசின், சுருக்கமாக டி.இ.சி. சிக்கல் என்னவென்றால், புழுக் குஞ்சுகள் இருப்பவருக்கே அது சாப்பிட்டபின் காய்ச்சலும் தலைவலியும் தலைசுற்றலும் வரும். சாகும் குஞ்சுகளுக்கு உடல் காட்டும் எதிர்வினை அது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் ‘நல்லாத்தானே இருந்தேன், இந்த மாத்திரை போட்டதும் காய்ச்சல் வந்துடுச்சு’ என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்த ஆண்டு அந்தத் தெருவே மாத்திரையை வாங்கிப் பரணில் வைத்துவிடும்.

புதுச்சேரியில் 1975ல் தொடங்கப்பட்ட, கொசு உள்ளிட்ட நோய்க்கடத்திகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையம், 1990களில் விழுப்புரம் பகுதிக் கிராமங்களில் இதை ஊன்றிக் கவனித்தது. கே.டி. ராமையா, பி.கே. தாஸ், எஸ்.பி. பாணி முதலியோர் சில கிராமங்களுக்கு டி.இ.சி., சில கிராமங்களுக்கு ஐவர்மெக்டின், சில கிராமங்களுக்கு வெறும் மாத்திரை என்று கொடுத்து ஆண்டுதோறும் மனிதரின் ரத்தத்தையும் பிடித்த கொசுக்களையும் ஆராய்ந்தார்கள். மருந்து கிடைத்த கிராமங்களில் நோய்ப் பரவல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஆறு சுற்றுகளுக்குப் பிறகும் எல்லா ஊரிலும் அடியோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கணிசமானவர்கள் மருந்து உட்கொள்ளாமல் விடுபட்டார்கள். அவர்கள் ரத்தத்திலிருந்து கொசு மறுபடியும் புழுக் குஞ்சை எடுத்துக்கொண்டிருந்தது. கொசுக்களைப் பிடித்துக் கூறுபோட்டுப் பார்த்திருக்காவிட்டால் இது தெரிந்திருக்காது. மாத்திரை வழங்கிய கணக்கு மட்டும் கையில் இருந்திருந்தால் திட்டம் முழு வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

அதற்கும் முன்பே, 1980களில், காரைக்காலில் வேறொரு வழி முயன்று பார்க்கப்பட்டிருந்தது. டி.இ.சி.யைச் சமையல் உப்பில் கலந்து விற்றார்கள். குழம்பில் கொதித்தாலும் மருந்து கெடாது. மிகச் சிறிய அளவு தினமும் உள்ளே போவதால் காய்ச்சல் தொந்தரவும் குறைவு. யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொண்டு விழுங்க வேண்டியதில்லை. ரத்தத்தில் புழுக் குஞ்சுகள் பெருமளவு குறைந்தன. சீனா யானைக்காலை ஒழித்ததில் இந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தியாவில் நாடு தழுவிய திட்டமாக அது மாறாதது வருத்தத்துக்குரியது. ஓராண்டு, ஈராண்டு வேறு உப்பு எதுவும் அந்த வட்டாரச் சந்தைக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவத் துறை மட்டும் செய்யக்கூடிய காரியமல்ல அது. உப்பளமும் மொத்த வியாபாரியும் மளிகைக் கடையும் ஒத்துழைக்க வேண்டும்.

எனவே 2004 முதல் நாடு ஆண்டுக்கொரு நாள் மாத்திரை வழங்கும் வழியையே பின்பற்றியது. அண்மையில் டி.இ.சி., ஆல்பெண்டசோல், ஐவர்மெக்டின் என மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் முறை பல மாவட்டங்களுக்கு வந்திருக்கிறது. இந்தக் கூட்டு புழுக் குஞ்சுகளை ரத்தத்திலிருந்து நீண்ட காலம் துடைத்துவிடுகிறது. பணியாளர்களுக்கு இப்போது தரப்படும் அறிவுரை, மாத்திரையை வீட்டில் கொடுத்துவிட்டு வராதீர்கள், உங்கள் முன்பாகவே விழுங்க வையுங்கள் என்பதுதான்.

பரவல் நின்றுவிட்டதா என்று முடிவு செய்ய வழங்கிய மாத்திரைகளின் கணக்கு மட்டும் போதாது. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் விரல் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து, அதில் புழுவின் புரதம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் குழந்தைகள் தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியை மருந்து வழங்கத் தொடங்கிய பிறகே கழித்தவர்கள். அவர்கள் ரத்தத்தில் புழு இருந்தால் கொசு இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். இலங்கை இத்தகைய சோதனைகளைக் கடந்து 2016ல் யானைக்காலை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் நோய்ப்பகுதி மாவட்டங்களிலும் இதே சோதனையின் அடிப்படையில்தான் ஊர் முழுவதற்குமான மருந்து வழங்கல் நிறுத்தப்பட்டது. கொசுக்கள் எங்கும் போய்விடவில்லை. மருந்தை நிறுத்திய மாவட்டங்களிலும் சில ஆண்டு இடைவெளியில் புதிய குழந்தைகளின் ரத்தத்தைச் சோதிக்கும் வேலை அதனால் தொடர்கிறது.